அன்னம் போட்ட துப்பாக்கி

பஞ்சாட்சரத்தை வாட்ச்மேன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். காது கேட்காதவர் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ‘கன்மேன்’ என்றால்தான் கழுத்து அசையும். காந்தி ரோட்டில் எங்கள் பட்டுக் கடை வாசலில் பதினோரு வருஷம் நின்றவர் அவர். ஊர் கூரம். ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். வந்த கையோடு லைசென்ஸ் வாங்கி, சொந்தத்தில் ஒரு பன்னெண்டு போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியும் வாங்கினார். துப்பாக்கி சொந்தமாக இருந்ததால்தான் இந்த வேலையே கிடைத்தது.

நான் ரேவதி. அதே கடையின் முதல் மாடியில் முகூர்த்தப் புடவை பிரித்துக் காட்டுகிறவள். ஒரு நாளைக்கு நூறு புடவை பிரித்து, தொண்ணூற்றொன்பதைத் திரும்ப மடிக்கிறவளுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை எதுவும் மிஞ்சாது. பஞ்சாட்சரம் மேலும் எனக்கு அப்படி ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

காலையில் ஷட்டர் தூக்கியதும் அவர் ஒரு சடங்கு செய்வார். தோட்டா இல்லாத துப்பாக்கியை வானத்தைப் பார்க்கப் பிடித்து, குழலுக்கு அடியில் இருக்கும் முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுவார். சடக், சடக். அப்படி முழுக்க இழுத்துத் தள்ளினால்தான் தோட்டா உள்ளே ஏறும், சுட்ட தோட்டா வெளியே விழும். மூன்று முறை செய்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு நிற்பார். டீக்கடைக்காரன் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இரண்டாவது பால் ஏற்றுவான்.

பதினோரு வருஷத்தில் அவர் விரட்டியது ஒரு மாட்டையும் நாலைந்து குடிகாரர்களையும்தான். அதுவும் வாயால். ஆனாலும் என்னிடம் சொல்வார்: “நான் வாசல்ல நிக்கிறதாலதாம்மா உள்ள இத்தினி சரக்கு பத்திரமா இருக்குது. நான் நிக்கலன்னா அன்னிக்கித் தெரியும்.” நாங்கள் மாடிக்குப் போய்ச் சிரிப்போம். அந்த மனுஷனுக்கு இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான். தான் காவல் காக்கிற ஆள், வாசலில் நிறுத்திவைத்த பொம்மை இல்லை என்பது. வாங்குகிற சம்பளத்தைவிட அதைத்தான் அவர் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

போன ஆனி மாதம் மழையில் படியில் வழுக்கி விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, துப்பாக்கியின் பின்கட்டை கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒப்பேற்றினார். ஒரு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் எதிர்க்கடைக்காரன் வாசலில் ஒரு ஃபைபர் யானையைக் கொண்டுவந்து நிறுத்தினான். தும்பிக்கையால் பன்னீர் தெளிக்கிற யானை. கல்யாணப் பெண்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அப்படியே அந்தக் கடைக்குள் நுழைந்தார்கள். எங்கள் முதலாளி சிட்டிபாபுவுக்குத் தூக்கம் போய்விட்டது.

சிட்டிபாபுவைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்றால், விசிறி மடிப்பில் வேட்டி கட்டுவார். அதோடு முடிந்தது. யானையைப் பார்த்துப் பார்த்து நொந்து, நம்மிடம் போட்டோ எடுக்க என்ன இருக்கிறது என்று கடையைச் சுற்றி வந்தவர் கண்ணில் பஞ்சாட்சரம் பட்டார்.

“இன்னாய்யா இது, எலக்ட்ரீஷியன் மாதிரி டேப்பு சுத்தி வச்சிக்கினு நிக்கிற?”

“கட்டை விட்டுப்போச்சு மொதலாளி. வேற மாத்தணும். எனக்குத் தோள்பட்ட எலும்புல பிளேட்டு வச்சிருக்குது. குட்டையா, பின்னால ரப்பர் வச்ச கட்டையா பாத்துப் போட்டா உதைக்காது. முன்பிடியும் சொரசொரப்பா ஒண்ணு...”

“மாத்து, மாத்து. செலவு என்னோடது. பாக்க லட்சணமா இருக்கணும், அவ்ளோதான்.” மாடியைப் பார்த்துக் கூவினார். “ரேவதி! நீயும் கூடப் போம்மா. சாம்பிள் துணி எடுத்துக்கினு போ. மேட்ச்சிங் பாக்கறதுல உன்ன அடிச்சிக்க ஆள் கிடையாது.”

ஜாக்கெட் பிட்டுக்கு மேட்ச்சிங் பார்த்திருக்கிறேன். வளையலுக்கு, செருப்புக்கு, ஒரு தடவை மாப்பிள்ளையின் காருக்குக்கூடப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கிக்கு மேட்ச்சிங் பார்க்க, அரக்கில் மாம்பழ பார்டர் போட்ட ஒரு துண்டுத் துணியைப் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

துப்பாக்கிக் கடைக்காரர் முகத்தில் சிரிப்பே வராது. பஞ்சாட்சரத்தின் முழங்கையை மடக்கச் சொல்லி, கட்டையின் அடியை மடக்கின இடத்தில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று அளந்தார். “உங்களுக்குப் பழைய கட்டை ஒரு இஞ்ச் நீளம் ஜாஸ்தி. அதான் தோள்ல சரியா உக்காரல” என்றார். பிறகு மூன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்று மரத்தில், பளபளவென்று. ஒன்று கறுப்பு பிளாஸ்டிக்கில், கீழே கைத்துப்பாக்கி மாதிரி தனிப்பிடி வைத்தது. மூன்றாவதும் கறுப்புதான். குட்டையாக, ஒரு பகட்டும் இல்லாமல், பின்னால் விரல் தடிமனுக்கு ரப்பர்.

தனிப்பிடி வைத்ததை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார் பஞ்சாட்சரம். “சினிமாக்காரனுக்கு ஆவும்” என்றார். மரக்கட்டையைத் தோளில் வைத்தார், எடுத்தார். மூன்றாவதைத் தோளில் வைத்ததும் அவர் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். நாற்பது புடவை பிரித்த பிறகு ஒன்றை மட்டும் மடியிலிருந்து இறக்காமல் வைத்திருப்பாளே கல்யாணப் பெண், அந்த முகம். முன்பிடியிலும் அப்படித்தான். இடது கையில் கடைசி இரண்டு விரல் அவருக்கு மடங்காது. வழவழப்பான பிடி வியர்வையில் நழுவும். வரிவரியாகப் பள்ளம் வெட்டின ஒரு பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்து, “இது கைய விட்டுப் போவாதும்மா” என்றார். குரலே குழைந்துவிட்டது.

நான் இரண்டையும் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“கறுப்பு வேணாம்மா! கல்யாணத்துக்கு வர்றவங்க கண்ணுல காலங்காத்தால கறுப்பு படலாமா? அதுலயே பிஸ்தா கலர் இருக்குதான்னு கேளு.”

கடைக்காரருக்கும் கேட்டுவிட்டது. கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். “இது துப்பாக்கிக் கடைம்மா” என்றார். வெறுங்கையோடு திரும்பினோம். பஸ்ஸில் பஞ்சாட்சரம் தோளைத் தடவிக்கொண்டே வந்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாளே சிட்டிபாபு ஏகாம்பரம் ஆசாரியைப் பிடித்தார். ஆசாரி கோயில் வாகனம் செய்கிறவர். குதிரை, யாளி, அன்னம், எதைக் கேட்டாலும் செதுக்குவார். கடைப் பையில் அச்சடித்திருக்கிற அன்னபட்சியையே துப்பாக்கியில் போட்டுவிடுவது என்று முடிவானது. பின்கட்டையின் இரண்டு பக்கமும் அன்னம். முன்பிடி முழுக்க ஒரே அன்னம், கழுத்து குழலோடு நீண்டு முன்னால் போக, தோகை மாதிரி வால் பின்னால் விரிய. மேலே தங்க ரேக்கு, மூச்சுப் பட்டால் பறக்கிற மெல்லிய தங்கத் தகடு. ரப்பர் பற்றிப் பஞ்சாட்சரம் மெதுவாக ஆரம்பித்தார். “அன்னத்துக்கு எதுக்குய்யா ரப்பரு?” என்று கேட்டார் முதலாளி.

துப்பாக்கியைக் கைமாற்றிக் கொடுக்க முடியாது என்பதால் பஞ்சாட்சரமே லீவு போட்டு ஆசாரியின் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். செதுக்கி முடித்து ரேக்கு ஒட்டி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிய அன்று ஆசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “ரேக்கு ஆறணும். நாப்பது நாளைக்கு வெறுங்கை படக் கூடாது. தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது.”

நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் அந்தப் பழைய ராணுவக்காரன் முறைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. சிட்டிபாபு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையும், பொத்தான் மின்னுகிற கோட்டும் வாங்கிக் கொடுத்தார். பஞ்சாட்சரம் மாடிக்கு வந்து, கல்யாணப் பெண்கள் புடவையைச் சார்த்திப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், மீசையை முறுக்கினார்.

“அண்ணா, தோளுக்கு ரப்பர் வேணும்னீங்களே?” என்றேன்.

“பாத்துக்கலாம்மா. இது ஒரு மாதிரி கம்பீரமா இல்ல?”

விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் என்று என் வாய்வரைக்கும் வந்தது. மனுஷன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அவர் மனைவி மணியம்மாள் அந்தப் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பத்து நாள் வைத்திருந்தாள். ஆவணி முகூர்த்தம் முழுக்க ஜனம் அவரைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தது. “சார், கொஞ்சம் முறைங்க” என்றால் முறைத்தார். “சிரிங்க” என்றால் சிரித்தார். குழந்தைகளைத் துப்பாக்கிக் குழல்மேல் கை வைக்கச் சொல்லி எடுத்தார்கள், அதற்கும் நின்றார். எதிர்க்கடை யானை தனியாகப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது. காலையில் சடக் சடக் சத்தம் நின்று போனது. நாற்பது நாள் முடிந்த பிறகும் ரேக்கு உதிரும் என்று அவர் இழுக்கவே இல்லை. டீக்கடைக்காரன்கூடக் கேட்டான்.

கார்த்திகையில் குட்டு உடைந்தது. கடைக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனிக்காரன் ஒரு நிபந்தனை வைத்திருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை கன்மேன் சுடுதளத்துக்குப் போய் ஐந்து குண்டு சுட்டுக் காட்டி, சர்டிஃபிகேட் கொண்டுவர வேண்டும். பஞ்சாட்சரம் கோட்டு, கையுறை, அன்னம் எல்லாவற்றோடும் போனார். தோட்டாவைப் போட்டார். முன்பிடியை இழுத்தார். அரை அங்குலம் வந்து நின்றது. பலம்கொண்ட மட்டும் இழுத்தார், வரவில்லை. அன்னத்தின் வால் துப்பாக்கியின் இரும்பு உடம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு தோட்டாகூட உள்ளே ஏறவில்லை. சுடுதளத்துக்காரன் அன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “ஏன் சார், இது முட்டை போடுமா?” என்று கேட்டானாம். சுற்றி நின்ற மற்ற கடை, பேங்க் கன்மேன்கள் அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். பத்து நாளில் திரும்ப வரச் சொல்லி அனுப்பிவிட்டான்.

இதை அவர் என்னிடம் சொன்னபோது வெட்கத்தில் முகம் கறுத்திருந்தது. யார் மேலும் பழி போடவில்லை. “மூணு மாசம்மா. மூணு மாசம் சுடாத துப்பாக்கிய வச்சிக்கினு காவல் காத்திருக்கேன். ஒருநாள் இழுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். தங்கம் உதிரும்னு பாத்துக்கினு இருந்தேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்.”

அன்று சாயங்காலம் ஆசாரியிடம் போனார். ஆசாரி கொஞ்சமும் அசரவில்லை.

“முன்பிடிக்கும் அந்த இரும்புக்கும் நடுவுல ஒரு சாண் எடம் சும்மா கெடந்திச்சு. வால விரிச்சு நெரப்பிட்டேன்.”

“அது சும்மா கெடந்த எடம் இல்ல ஆசாரி. பிடி பின்னால வர்ற எடம்.”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? முப்பது வருஷமா வாகனம் செய்யறேன். நான் செஞ்ச குதிர எதுவும் கால ஆட்டினதில்ல. அது நிக்கும், தூக்கறவன்தான் நடப்பான்.”

அந்த ஆளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டதைச் செய்தார். ஓடுகிற ஒன்றைச் செய்யச் சொல்லி அவரிடம் யாருமே கேட்கவில்லை. வாலைச் சீவிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னார். முதலாளிதான் குதித்தார். “வாலறுந்த அன்னத்தையா கல்யாணப் பொண்ணு பக்கத்துல நிறுத்துவ? மூளியா? தை முகூர்த்தம் வருது, வெளங்குமா கடை?”

பஞ்சாட்சரம் யாரையும் கேட்காமல் வீட்டில் உட்கார்ந்து பழைய முன்பிடியைத் தேடி எடுத்து மாட்டினார். பழைய பின்கட்டை விரிசல் விட்டது, அதை மாட்ட முடியாது. அதனால் அன்னக் கட்டையோடேயே திரும்பவும் சுடுதளம் போனார். ரப்பர் இல்லாத மரம், பழையதைப் போலவே ஒரு இஞ்ச் கூடுதல் நீளம், அதில் செதுக்கின அலகு வேறு. பிளேட் வைத்த எலும்பில் ஐந்து உதை. நாலு குண்டு குறியில் விழுந்தது. மறுநாள் காலை வலது கையைத் தூக்க முடியாமல், சர்டிஃபிகேட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஷட்டர் தூக்கியதும் கட்டையை இடுப்பில் ஊன்றி, இடது கையாலேயே இழுத்துத் தள்ளினார். சடக், சடக். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். மாடியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்த நான் ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். பொய் எதற்கு, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிட்டிபாபு பத்து மணிக்கு வந்தார். சர்டிஃபிகேட்டை வாங்கி, பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து டிராயரில் வைத்தார். பிறகுதான் துப்பாக்கியைப் பார்த்தார்.

“முன்னால அன்னம் எங்கய்யா?”

“அதப் போட்டா சுடாது மொதலாளி.”

“அதான் சுட்டுட்டு வந்துட்டியே. பேப்பர் வந்துடிச்சு. இனிமே அடுத்த வருஷம்தான? மாட்டு, மாட்டு.”

“சுடாதுங்கறேன் மொதலாளி. தோட்டாவே ஏறாது. யாராச்சும் கடையில பூந்தா நான் இன்னா பண்றது?”

சிட்டிபாபு சிரித்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடப் பஞ்சாட்சரம் தாங்கியிருப்பார். முதலாளியோ நிஜமாகவே வேடிக்கையைக் கேட்டவர் மாதிரி சிரித்தார். “யாருய்யா பூந்துடுவான்? உள்ள பதினாறு கேமரா இருக்குது. பதினோரு வருஷமா ஒருதரம் சுட்டிருக்கியா நீ? சுட்டா மொதல்ல ஓடறது என் கஸ்டமர்தான். சுடலன்னா எனக்கு ரொம்ப நல்லது. நீ நின்னா போதும்யா.”

கடையில் அப்போது ஐந்து குடும்பம் இருந்தது. நானும் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தேன். பஞ்சாட்சரம் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவை விரிக்கிற வெள்ளை மெத்தையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஒரு கையால் மெதுவாக, பின்கட்டையைக் கழற்றினார். பையிலிருந்த முன்பிடி அன்னத்தையும் எடுத்தார். இரண்டையும் மெத்தைமேல், ஒரு கத்தரிப்பூ கலர் புடவைக்குப் பக்கத்தில் வைத்தார். கோட்டைக் கழற்றி மடித்தார். கையுறையை அதன் மேல் வைத்தார்.

“கட்டை உங்களோடது. துப்பாக்கி என்னோடது. இத ஒரு பொம்ம கையில குடுத்து நிறுத்துங்க மொதலாளி. அதுக்குத் தோளு வலிக்காது.”

பின்கட்டை இல்லாத துப்பாக்கியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். வீட்டில் மகள் தீபிகாவுக்கு நர்சிங்கில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அது தெரிந்தும் போனார். பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் அவரை மனதுக்குள் கன்மேன் என்று நினைத்தேன்.

சிட்டிபாபுவுக்கு ரோஷம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? யோசனை வந்தது. வேட்டி சட்டை போட்டு நிறுத்துகிற ஆண் பொம்மை ஒன்று குடோனில் கிடந்தது. அதற்கு அந்தக் கோட்டைப் போட்டு, மீசை ஒட்டி, ஆசாரியிடம் சொல்லி அன்னத்துக்கு நடுவில் மரத்திலேயே குழலும் செய்து வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார். பஞ்சாட்சரத்தின் சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு பில் கவுன்டருக்கு மேல் மாட்டினார். முதல் வாரமே ஒரு அம்மாள் பொம்மையிடம் போய், “சார், பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று உள்ளே வந்து, “உங்க வாட்ச்மேனுக்கு மரியாதையே தெரியல” என்று புகார் சொன்னாள். தை முகூர்த்தத்தில் வியாபாரம் எப்போதையும்விட அதிகம்.

மாசியில் ஒருநாள் ஐயம்பேட்டைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் பஞ்சாட்சரம் எனக்கு எதிரே ஏறி உட்கார்ந்தார். பணம் ஏற்றிப் போகிற வண்டியில் காவல் வேலையாம். சம்பளம் குறைவு. துணிப்பையின் வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினார். கறுப்புக் கட்டை, குட்டையாக, பின்னால் ரப்பர். முன்பிடியில் வரிவரியாகப் பள்ளம். “இப்ப வலிக்கறதே இல்லம்மா” என்றார்.

கொஞ்ச தூரம் போனதும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பொம்ம வச்சிட்டாராமே. நான் இல்லன்னு யாராச்சும் கேட்டாங்களா?”

பத்தொன்பது வருஷமாக, எந்த நிறத்தை எடுத்தாலும் ‘உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குதும்மா’ என்று வாய் கூசாமல் சொல்லிப் புடவை விற்கிறவள் நான். அவருக்கு ஒரு பொய் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தேன், வரவில்லை.

“யாரும் கேக்கலண்ணா” என்றேன்.